கோட்டை மண்ணில் மிளிரும் வெள்ளி

விடுமுறைக் காலத்தில் ஐதராபாத் செல்வோர், சார்மினாரிலும் கோல்கொண்டாவிலும் கூட்ட நெரிசலில் அலுத்துவிடுகின்றனர். அங்கிருந்து ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவில், கர்நாடகத்தின் வடகோடியில் உள்ள பீதர், 15ஆம் நூற்றாண்டில் பாமினி சுல்தான்களின் தலைநகரம். அகன்ற கோட்டையையும், அமைச்சர் மகமூது கவான் 1472இல் கட்டிய கல்விக்கூடத்தையும் அங்கே நிதானமாகக் காணலாம்.

இவ்வூரின் தனிச்சிறப்பு, புவிசார் குறியீடு பெற்ற பித்ரிக் கைவினை. துத்தநாகமும் செம்பும் கலந்த உலோகத்தில் வெள்ளியைப் பதித்து, கோட்டை மண்ணும் நவச்சாரமும் சேர்ந்த கரைசலில் இடுவர். உலோகம் கறுத்துவிடும், வெள்ளி மட்டும் ஒளிரும்.

பெருநகரக் கடையில் வாங்கினால் விலையில் ஒரு பகுதி இடைத்தரகருக்குப் போகும். பீதரில் பட்டறையிலேயே வாங்கினால் அது கைவினைஞரின் வீட்டுக்கே சேரும். அக்கலை அடுத்த தலைமுறைக்கும் தொழிலாக நிலைக்க, பயணச் செலவைத் திட்டமிடும்போதே இதற்கெனச் சிறு தொகையை ஒதுக்குவது நன்று.