நட்சத்திரம், 18 டிகிரி, 500 யூனிட்: மின்சிக்கனம் பற்றிய சில தவறான நம்பிக்கைகள்

2024 மே 2. கத்திரி தொடங்க இன்னும் இரண்டு நாள் இருந்தது. அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதுவரை மாநிலம் காணாத உச்சம் அது. கோடையில் தேவை இப்படி ஏறுவதில் வீட்டு ஏ.சி.க்களுக்குப் பெரிய பங்கு உண்டு. நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னமும் நிலக்கரியை எரித்துத்தான் வருகிறது. ஒரு யூனிட் உற்பத்திக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு காற்றில் கலக்கிறது.

மின்சாரச் செலவைக் குறைக்கத்தான் 2001-இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே எரிசக்தித் திறன் பணியகம் அமைந்தது. 2006-இல் ஸ்டார் லேபிள் தொடங்கியது. திட்டங்கள் மோசமில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் அவற்றின் பலன் ஷோரூமிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் பாதி கரைந்துவிடுகிறது. காரணம், நாம் கேள்வி கேட்காமல் நம்பிக்கொண்டிருக்கும் சில விஷயங்கள்.

“ஃபைவ் ஸ்டார்னா ஃபைவ் ஸ்டார்தான், எந்த வருஷத்து மாடலா இருந்தா என்ன?”

நட்சத்திரம் நிரந்தரப் பட்டம் அல்ல. தொழில்நுட்பம் முன்னேற முன்னேற அளவுகோலை இறுக்கிக்கொண்டே போவதுதான் இந்தத் திட்டத்தின் அடிப்படை. 2022 ஜூலையில் ஏ.சி.க்கான அளவுகோல் மாறியபோது, முந்தைய நாள்வரை ஐந்து நட்சத்திரம் பெற்றிருந்த மாடல்கள் நான்குக்கு இறங்கின. இயந்திரம் அதேதான். பழைய ஸ்டாக்கைத் தள்ளுபடியில் வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது லேபிளில் சின்ன எழுத்தில் இருக்கும் ஆண்டைத்தான்.

அதே லேபிளில் ‘ஆண்டுக்கு இத்தனை யூனிட்’ என்று ஓர் எண் இருக்கும். ஏ.சி. ஆண்டுக்கு 1,600 மணி நேரம் ஓடும் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. இரவு 8 மணி நேரம் வீதம் 200 நாள் போட்டாலே 1,600 வந்துவிடும். சென்னையிலும் மதுரையிலும் பல வீடுகள் அதைத் தாண்டிவிடுகின்றன. ஆகவே அந்த எண்ணை நம் வீட்டு பில்லாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு மாடல்களை ஒப்பிட மட்டும் அது மிக நல்ல துணை.

“சீக்கிரம் குளிரணும்னா 18-ல வைக்கணும்.”

36 டிகிரியில் கொதிக்கும் அறை 24-க்கு இறங்க எவ்வளவு நேரம் ஆகும் என்பது கம்ப்ரஸரின் திறனைப் பொறுத்தது. ரிமோட்டில் 18 என்று வைப்பதால் அந்த நேரம் குறையாது. 24-ஐத் தொட்ட பிறகும் கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் ஓடும், அவ்வளவுதான் வித்தியாசம். ஒவ்வொரு டிகிரி கூட்டி வைத்தாலும் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும் என்பது பணியகத்தின் கணக்கு. 2020 முதல் புதிய ஏ.சி.க்கள் 24 டிகிரியில் தொடங்கும்படி விதி வந்தபோது, ‘அரசு நம் ரிமோட்டைப் பிடுங்குகிறது’ என்று சிலர் கொதித்தார்கள். அந்த விதி தொடக்க எண்ணை மட்டுமே நிர்ணயித்தது. வேண்டிய அளவுக்கு மாற்றிக்கொள்ளத் தடை ஏதும் வைக்கவில்லை.

“வருஷா வருஷம் ஏ.சி.க்கு கேஸ் நிரப்பணும்.”

எனக்கு மிகவும் கவலை தரும் நம்பிக்கை இதுதான். ஏ.சி.க்குள் இருக்கும் வாயு பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ ஒழுகுகிறது. பெரும்பாலும் செம்புக் குழாய் சேரும் ஃப்ளேர் நட்டில் ஒழுகும். கடலோர ஊர்களில் உப்புக் காற்று அரித்த காயிலிலும் ஒழுகும். சோப்பு நுரையைத் தடவினால் குமிழி விட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். அந்த இடத்தை அடைக்காமல் மேலே கேஸ் மட்டும் ஏற்றினால், அடுத்த கோடைக்குள் அதுவும் போய்விடும்.

போவது சாதாரண வாயுவும் அல்ல. ஆர்-410ஏ என்ற வாயு ஒரு கிலோ வெளியேறினால் ஏறக்குறைய 2,000 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான வெப்பத்தை நூறாண்டுக் காலத்தில் பிடித்துவைக்கும். இப்போது பரவலாகிவிட்ட ஆர்-32 அதில் மூன்றில் ஒரு பங்குதான் என்றாலும், கரியமில வாயுவைப்போல 675 மடங்கு. வீட்டு ஏ.சி. ஒன்றில் இருப்பது ஒரு கிலோவை ஒட்டிய அளவுதான். ஆனால் ஃபைவ் ஸ்டார் பார்த்து வாங்கி ஆண்டுக்கணக்கில் சேமித்ததை ஒரு மதியத்தில் காற்றில் விட்டுவிட அது போதும். இத்தகைய வாயுக்களைப் படிப்படியாகக் குறைப்பதாக கிகாலி ஒப்பந்தத்தை 2021-இல் இந்தியா ஏற்றிருக்கிறது. வீடு மாறும்போது மெக்கானிக்கிடம் ‘பம்ப் டவுன் பண்ணிட்டுக் கழட்டுங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். வாயு முழுவதும் வெளி யூனிட்டுக்குள் அடங்கும். குழாயைக் கழற்றும்போது வீணாகாது.

“ஃபேன்ல என்ன பெருசா மிச்சம் ஆகப்போகுது?”

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழைய சீலிங் ஃபேன் முழு வேகத்தில் சுமார் 75 வாட் இழுக்கும். பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார் கொண்ட பி.எல்.டி.சி. ஃபேனுக்கு 30 வாட் போதும். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால், நம் இரண்டு மாதக் கணக்கில் ஒரு ஃபேனுக்கு 40 யூனிட் குறையும். மூன்று ஃபேன் மாற்றினால் 120 யூனிட்.

இங்கேதான் தமிழ்நாட்டுக் கட்டண முறையைக் கவனிக்க வேண்டும். 2022 செப்டம்பரில் வந்த விகிதப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட் ஓட்டிய வீட்டுக்கு பில் 1,725 ரூபாய். 501 ஆனால் 1,958 ரூபாய். எல்லையைத் தாண்டியதும், 101 முதல் 200 வரை இருந்த 2.25 ரூபாய்ச் சலுகை விகிதம் போய்விடும். அந்த நூறு யூனிட்டுக்கும் 4.50 ரூபாய் கட்ட வேண்டும். கடைசி ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! பிறகு விகிதங்கள் இன்னும் ஏறின. 580, 600 யூனிட்டில் நிற்கும் வீட்டை எல்லைக்குக் கீழே இறக்க மூன்று ஃபேன் போதும். ‘முதல் நூறு யூனிட் இலவசம், அப்புறம் எதுக்குச் சிக்கனம்’ என்பவர்கள் பில்லின் அடிப்பகுதியை மட்டும் பார்க்கிறார்கள். மிச்சம் பிடிக்கும் யூனிட் எப்போதும் உச்சியிலிருந்துதான் கழியும். 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கும் ஸ்டார் லேபிள் கட்டாயம். ஏ.சி. வாங்கும்போது நட்சத்திரம் எண்ணுபவர்கள் ஃபேன் கடையிலும் எண்ணலாம்.

“எல்.இ.டி. பல்பை அரசு மானியத்துல கொடுத்துச்சு.”

இல்லை. 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டம் மானியத்தை நம்பவே இல்லை. கோடிக்கணக்கான பல்புகளுக்கு மொத்தமாக ஒப்பந்தப்புள்ளி கோரியதால், 2014 தொடக்கத்தில் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016-இல் 38 ரூபாய்க்கு வந்தது. 36 கோடிக்கு மேல் விற்ற அந்தத் திட்டத்தின் பெரிய சாதனை, அதில் வாங்காதவருக்கும் பெட்டிக்கடையில் விலை இறங்கியதுதான்.

“இவ்வளவு காற்றாலையும் சோலாரும் இருக்கும்போது சிக்கனம் எதுக்கு?”

ஆரல்வாய்மொழியிலும் கமுதியிலும் நம் மாநிலம் செய்திருப்பது பெருமைப்பட வேண்டிய வேலை. ஆனால் காற்று மே முதல் செப்டம்பர் வரைதான் வலுவாக வீசும். சூரிய மின்சாரம் மாலை ஆறு மணியோடு முடிந்துவிடும். படுக்கையறை ஏ.சி. ஓடத் தொடங்குவது அதற்குப் பிறகு. மார்ச், ஏப்ரல் இரவுகளில் நாம் மிச்சம் பிடிக்கும் யூனிட், பெரும்பாலும் நிலக்கரி யூனிட்.

“வீட்டுக்காரங்களைத்தான் படுத்துறாங்க, ஆலைகளைக் கேட்க ஆளில்லை.”

பாதி தவறு, பாதி சரி. 2012 முதல் பெரிய ஆலைகளுக்கு ‘பேட்’ என்ற திட்டம் இருக்கிறது. சிமென்ட், உரம், எஃகு, ஜவுளி, அனல்மின் நிலையம் என எட்டுத் துறைகளில் 478 ஆலைகளுக்கு முதல் மூன்றாண்டுச் சுற்றில் இலக்கு வைத்தார்கள். இலக்கைத் தாண்டிச் சேமித்தவர் சான்றிதழை விற்கலாம், தவறியவர் வாங்க வேண்டும். சேமிப்பு இலக்கைவிட ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதலாக வந்தது. இதைச் சாதனையாகச் சொல்கிறார்கள். இலக்கே இளகலாக இருந்தது என்பதற்கும் அது சான்று என்பது என் கருத்து.

சரியான பாதி, சிறு தொழிலில் இருக்கிறது. கோவையின் சின்ன வார்ப்படச் சாலைகளும் பட்டறைகளும் இந்த இலக்குகளுக்குள் வருவதில்லை. அங்கே எரிந்துபோன மோட்டாருக்குத் திரும்பத் திரும்பக் காயில் கட்டி ஓட்டுகிறார்கள். சரியாகக் கட்டாத ஒவ்வொரு முறையும் மோட்டாரின் திறன் இறங்கும், மீட்டர் கூடுதலாக ஓடும். புது மோட்டாருக்குக் கையில் காசு இருக்காது. காயில் கட்ட ஆகும் செலவு அதைவிடக் குறைவு. உஜாலாவில் பல்புக்குச் செய்த மொத்தக் கொள்முதலை இந்த மோட்டார்களுக்கும் செய்து, விலையைத் தவணையாக மின் பில்லிலேயே பிடித்துக்கொள்ள அரசு முன்வர வேண்டும்.