வளராத மீனும் வீணாகும் முதலும்

அலங்கார மீன் வியாபாரத்தில் இறங்கிய நம் சகோதரர்கள் பலரிடம் கேட்கும் முறைப்பாடு இது: "தீனி போடுகிறேன், மீன் சாகவில்லை, ஆனால் வளரவும் இல்லை." ஏஞ்சல், ஒஸ்கார், டிஸ்கஸ், ஆபிரிக்காவின் மலாவி ஏரி வகைகள் ஆகிய சிக்லிட் குடும்பத்து மீன்களிலேயே இந்தத் தொல்லை அதிகம்.

செத்த மீனின் நஷ்டம் அன்றைக்கே தெரிந்துவிடும். வளராத மீனின் நஷ்டம் கணக்குப் புத்தகத்தில் ஏறுவதில்லை. நன்றாக வளர்க்கப்பட்ட ஏஞ்சல் குஞ்சு சுமார் 2 மாதத்தில் விற்கும் அளவுக்கு வரும். அது 4 மாதம் எடுத்தால், வருடத்தில் 6 தொகுதி எடுக்க வேண்டிய தொட்டியில் 3 தொகுதிதான் எடுப்பீர்கள். மின்சாரக் கட்டணமும் ஆள் கூலியும் மட்டும் குறையாது.

முதலில் மீன் உண்மையிலேயே குன்றியதா என்று பாருங்கள். மலாவி வகைகளில் பெண் மீன் இயல்பாகவே ஆணை விடச் சிறியது. உடல் சிறுத்து, கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தால் அது குன்றிய மீன்தான்.

பத்தில் எட்டுப் பேரின் தவறு நீரில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். வளரும் குஞ்சு நிறையத் தின்னும், நிறையக் கழிக்கும். கழிவிலிருந்து வரும் அமோனியாவை பில்டரில் வாழும் பற்றீரியாக்கள் நைத்திரைற்றாகவும், பின் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் கொடிய நஞ்சு. மூன்றாவது உடனே கொல்லாது. ஆனால் சேரச் சேர வளர்ச்சியை முடக்கும். சாதாரண பில்டர் அதை அகற்றாது, நீரை மாற்றியே ஆகவேண்டும். வாரம் ஒரு வாளி மாற்றுவது கடைக் காட்சித் தொட்டிக்குச் சரிவரலாம், குஞ்சுத் தொட்டிக்குப் போதாது. தினமும் கால்வாசி, முடியாவிட்டால் வாரம் இருமுறை பாதி நீரை மாற்றுங்கள். டிஸ்கஸ் வளர்ப்போர் தினமும் பாதியை மாற்றுவதுண்டு. குழாய் நீரின் குளோரினைப் போக்க சோடியம் தயோசல்பேற்று மலிவான வழி. பில்டர் பஞ்சைக் குழாயின் கீழ் பிடித்துக் கழுவாதீர்கள்; பற்றீரியா செத்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுங்கள்.

ஊருக்கு ஊர் நீரும் வேறு. யாழ்ப்பாணம், புத்தளம் போன்ற சுண்ணாம்புக்கல் பூமியின் கிணற்று நீர் கடினமானது. மலாவி மீனுக்கு அது பொருந்தும், டிஸ்கஸ் இனப்பெருக்கத்துக்குச் சிரமம்.

அடுத்தது நெருக்கடி. 3 அடி தொட்டி ஒன்றில் ஏறக்குறைய 130 லீற்றர் நீர் பிடிக்கும். விற்கும் அளவை நெருங்கும் ஏஞ்சல் 20, 25 அதில் தாராளமாக வளரும். நம்மவர்கள் 100 விடுகிறார்கள். சிக்லிட் சண்டைக்கார இனம். பெரியது சிறியதைத் துரத்தி, தீனிக்கு வரவிடாது. இரு வாரத்துக்கு ஒருமுறை அளவு பிரித்து, சிறியவற்றை வேறு தொட்டியில் விடுங்கள். 1952இல் நம் குளங்களுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவும் இதே குடும்பம்தான். சிறு குளத்தில் அது மலிந்துவிட்டால் கையளவுக்கு மேல் பெருக்காததைக் கண்டிருப்பீர்கள்.

தீனியை ஒரேயடியாகக் கொட்டாமல், இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவாக நாளைக்கு 4, 5 தடவை கொடுங்கள். குஞ்சுகளுக்கு அப்போது பொரித்த ஆர்ட்டீமியாவுக்கு நிகரில்லை. பெட்டித் தீனியானால் புரதம் 40 வீதத்துக்குக் குறையாமல் பாருங்கள். மலிவென்று மூடையாக வாங்கித் திறந்து வைத்தால் விற்றமின் போய்விடும். மலாவியின் பாசி தின்னும் வகைகளுக்கு மட்டும் மாட்டு இதயம் ஆகாது. வயிறு வீங்கிச் சாகும். சீக்கிரம் நிறம் ஏற்ற ஹோர்மோன் கலந்த தீனி கொடுப்போரும் உண்டு. வாங்கியவர் வீட்டில் அந்த நிறம் வெளுத்தால் மறுபடி உங்கள் கடைக்கு வருவாரா?

மலைநாட்டில் ஹீட்டர் அவசியம். டிஸ்கஸ் 28 முதல் 30 பாகை செல்சியஸ் கேட்கும். நீரும் தீனியும் சரியாயிருந்தும் மீன் மெலிந்து, வெள்ளை நூல் போல மலம் கழித்தால் குடல் ஒட்டுண்ணியாக இருக்கலாம். தெரிந்தவரிடம் காட்டாமல் மருந்து ஊற்றாதீர்கள்.

சில வாரம் மட்டும் பின்தங்கிய குஞ்சு, நிலைமை திருந்தினால் பெருமளவு தேறிவிடும். பல மாதம் குன்றிக் கிடந்தது முழு அளவுக்கு வராது. அதைக் "குஞ்சு" என்று சொல்லி விற்காமல், உள்ளதைச் சொல்லி விலை குறைத்துக் கொடுத்துத் தொட்டியைக் காலியாக்குங்கள். புதிய தொகுதியை விட்டதும் 20 குஞ்சுகளை அளந்து கொப்பியில் எழுதி, இரு வாரத்துக்கு ஒருமுறை மீண்டும் அளந்து பாருங்கள்.