மெய் பேசும் மொழி

நுழையும்முன்

உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவதை மெய்ப்பாடு என்கிறது தொல்காப்பியம். உள்ளத்திலிருந்து உடலுக்கு வரும் அவ்வழியே, உடலிலிருந்து உள்ளத்திற்குத் திரும்பிச் செல்லவும் இயலுமா? வன்முறைக்கும் பேரிடருக்கும் ஆளாகிச் சொல்லிழந்து நின்றோரிடம் அவ்வாறு சென்றவர்களைப் பற்றியது இப்பாடம்.

சொல் எட்டாத இடம்

பேராபத்து நேரும்போது உடல் எதிர்த்து நிற்கவோ தப்பியோடவோ ஆயத்தமாகிறது. இரண்டும் இயலாதபோது உறைந்துவிடுகிறது. ஆபத்து நீங்கிய பின்னும் சிலருக்கு அந்நிலை நீங்குவதில்லை. கதவு அறையும் ஓசைக்கே நெஞ்சு படபடக்கிறது, தோள்கள் இறுகுகின்றன, நள்ளிரவில் உறக்கம் கலைகிறது. நடந்ததைக் கூறுமாறு கேட்டால் நா எழுவதில்லை. அச்ச நினைவுகள் மீளும்போது பேச்சுக்குரிய மூளைப்பகுதியின் செயல்பாடு குறையக்கூடும் என்பதை மூளைப்பட ஆய்வுகள் காட்டியுள்ளன. எனவே, பேசாதிருப்பவரைப் பிடிவாதக்காரர் என்று கடிந்துகொள்வது அவர் புண்ணை மீண்டும் கிளறுவதாகும். வற்புறுத்திப் பேசவைப்பதும் அத்தகையதே.

வட்டத்தில் தொடங்கிய மருத்துவம்

அமெரிக்க நடனக் கலைஞரான மரியன் சேஸ், வாஷிங்டன் நகரில் நடனம் கற்பித்துவந்தார். மேடையேறும் நோக்கம் சிறிதும் இல்லாத சிலரும் அவரிடம் தொடர்ந்து வருவதைக் கண்டார். அவர்கள் நாடி வந்தது நடன நுட்பத்தை அன்று. அசைவு தந்த ஆறுதலையே என்று உணர்ந்தார். 1942ஆம் ஆண்டு, அந்நகரின் செயின்ட் எலிசபெத்ஸ் மனநல மருத்துவமனையில் பணியாற்றத் தொடங்கினார். இரண்டாம் உலகப்போரில் மனம் சிதைந்த வீரர்களும் அங்கிருந்தனர்.

இசையை ஒலிக்கவிட்டு, நோயாளிகளை வட்டமாக நிற்கச் செய்வது அவர் வழக்கம். வட்டத்தில் முன்வரிசை, பின்வரிசை என்பதில்லை; ஒருவர் முகம் மற்றவர்க்குத் தெரியும். ஒருவர் விரலால் தாளமிட்டாலும், இருந்த இடத்திலேயே அசைந்தாடினாலும் அதனையே தம் உடலில் ஏற்று மறுமொழியாக அளிப்பார். இது கேலிக்குரிய போலச்செய்தல் அன்று. ‘உம்மைக் கண்டேன், உம்முடன் இருக்கிறேன்’ என்று சொல்லின்றிச் சொல்வது. 1966ஆம் ஆண்டில் அமெரிக்க நடன மருத்துவச் சங்கம் தோன்றியபோது, அதன் முதல் தலைவராக அவரே பொறுப்பேற்றார்.

என் உடல் எனக்குரியது

நம் நாட்டில் இத்துறைக்கு வழியமைத்தவர்களுள் ஒருவர் கொல்கத்தாவைச் சேர்ந்த சோகினி சக்கரவர்த்தி. சமூகவியல் பயின்ற நடனக் கலைஞரான இவர், 2004ஆம் ஆண்டு ‘கொல்கத்தா சன்வேத்’ என்னும் அமைப்பை நிறுவினார். கடத்தப்பட்டு, விற்கப்பட்டு, பின்னர் மீட்கப்பட்ட பெண்களிடையே அவ்வமைப்பு பணியாற்றியது.

பிறர் விலைபேசிய உடலை, அதற்குரியவளே வெறுக்கத் தொடங்குவதுதான் இக்கொடுமையின் ஆழமான வடு. தன் உடல் தனக்கே அயலாகிவிடுகிறது. ஆகவே, இத்தகையோர்க்கான பயிற்சி மிகச் சிறியவற்றிலிருந்தே தொடங்குகிறது: பாதம் தரையில் ஊன்றியிருப்பதை உணர்தல், மூச்சின் போக்கைக் கவனித்தல், இரு கைகளையும் விரித்துத் தனக்குரிய எல்லையை அறிதல், உள்ளங்கையை உயர்த்தி ‘நில்’ என்று காட்டுதல். பார்ப்பவர்க்கு இவை எளியனவாகத் தோன்றலாம். மறுக்கும் உரிமையையே இழந்திருந்தவளுக்கு அந்தக் கையை உயர்த்தப் பல நாள்கள் ஆகக்கூடும்.

இங்கு அழகாக ஆட வேண்டும் என்பதில்லை. தவறான அடவு என்று ஒன்றும் இல்லை. இசைவின்றி எவரையும் தொடுதல் கூடாது. அசைவு, உறங்கும் அச்சத்தை எழுப்பிவிடவும் கூடும் என்பதால், முறையாகப் பயின்றவரே இதனை நடத்த வேண்டும். மருந்தும் மனநல மருத்துவரின் அறிவுரையும் தேவைப்படுவோர்க்கு இது அவற்றுக்கு மாற்றாகாது, துணையாகும்.

சன்வேத் அமைப்பில் பயின்றவர்களுள் சிலர் பின்னர் அங்கேயே பயிற்றுநர்களாயினர். புதிதாக மீட்கப்பட்டு வரும் சிறுமியர், தம்மைப் போன்றே துயருற்று மீண்ட ஒருத்தியின் அருகில் வட்டத்தில் வந்து நிற்கின்றனர்.