எரிந்தது யார் வீடு

ஸ்ரீவில்லிபுத்தூர்

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. பால்காய்ப்புக்கு மில்லில் உன்னோடு வேலை பார்க்கும் நண்பரைக் குடும்பத்தோடு அழைத்து, முதல் பந்தியிலேயே உட்காரவைக்கப் போவதாகச் சொன்னாயாம். ராஜபாளையத்தில் நம் பெரியவர்கள் சிலர், “அந்தத் தெருவுக்காரங்களை வீட்டுக்குள்ள விடுறதா” என்று குதிக்கிறார்களாம். உன் அம்மா போனில் அழுதாள். நீ செய்வது சரி. அதில் எனக்கு இம்மியும் சந்தேகமில்லை. எப்படிச் செய்வது என்பதற்குத்தான் இந்தக் கடிதம்.

அதற்கு ஒரு பழைய படத்தின் கதையைச் சொல்கிறேன். 1937இல் கே. சுப்பிரமணியம் ‘பாலயோகினி’ என்று ஒரு படம் எடுத்தார். இன்று அதைப் பேசுவாரில்லை. அப்போது பேபி சரோஜாவின் நடிப்பில் மயங்கி எத்தனையோ வீடுகளில் பெண் குழந்தைக்குச் சரோஜா என்று பேர் வைத்தார்கள். கதை இதுதான். பணக்கார உறவினர் விரட்டிவிட்ட பிராமணப் பெண்ணுக்கு, தாழ்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்த வேலைக்காரர் முனுசாமி தன் வீட்டில் இடம் கொடுக்கிறார். அவர் இறந்தபின் அவர் பிள்ளைகளை அவள் தன் பிள்ளைகளாக வளர்க்கிறாள். ஊருக்குப் பொறுக்கவில்லை. கும்பலாக வந்து தீ வைக்கிறார்கள்.

எரிந்தது முனுசாமியின் வீடு. கட்டுப்பாட்டை மீறியவள் உயர்சாதிக்காரி. கூரையை இழந்தவர்கள் அந்தப் பிள்ளைகள். கடைசியில் குழந்தையின் பேச்சைக் கேட்டு எல்லோரும் மனம் மாறுவதாகப் படம் முடிகிறது. நம் பக்கத்தில் அவ்வளவு சுளுவாக மாற மாட்டார்கள், உனக்கே தெரியும்.

சுப்பிரமணியம் அந்தப் படத்தில் வரும் கைம்பெண் வேடத்துக்கு நிஜமான பிராமணக் கைம்பெண்ணையே நடிக்கவைத்தார். அதற்காகச் சொந்தச் சாதியார் சுப்பிரமணியத்தைத் தள்ளிவைத்தார்கள். அவர் அஞ்சவில்லை, 1939இல் ‘தியாகபூமி’யிலும் தீண்டாமையைத் தொட்டார். உங்கள் ஊர் குமாரசாமி ராஜா, 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதல்வராக இருந்தவர், காந்தி கலை மன்றத்துக்குத் தன் வீட்டையே கொடுத்தார். கொடுப்பதென்றால் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை.

அதனால் முதலில் நண்பரிடம் மனம்விட்டுக் கேள். வர அவருக்கு விருப்பமா, வீட்டில் என்ன நினைக்கிறார்கள் என்று கேள். தயங்கினால் வற்புறுத்தாதே, உன் வீம்புக்கு அவரை இழுக்காதே. வருகிறேன் என்றால் நீயும் என் மகளும் வெற்றிலை பாக்கோடு அவர் வீட்டுக்குப் போய் அழையுங்கள், அங்கே கொடுப்பதைச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். பந்தியில் அவர் பக்கத்து இலை உன்னுடையதாக இருக்கட்டும். திரும்பும்போது தெருமுனையோடு நிற்காமல் வீடுவரை போய் விட்டுவிட்டு வா. மறுநாள் மில்லில் எவனாவது அவரிடம் வம்பு பேசினால், பதில் சொல்ல வேண்டியவன் நீ.

நானும் உன் அத்தையும் முந்தின நாளே வந்துவிடுகிறோம். எதிர்ப்புப் பேசும் பெரியவர்களை என்னிடம் அனுப்பு.

அன்புடன்,
மாமா