மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு மிடறு

பர்பன் விஸ்கி இருந்த பீப்பாயில் ஊறிய ஸ்டௌட் எனும் கரும் பியரை முதன்முறை கையில் எடுப்பவர்கள் அநேகமாக ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். லேபிளில் பீக்கன், மேப்பிள், வெனிலா என்று அச்சிட்டிருக்கும். முதல் மிடறு உள்ளே போனதுமே “பீக்கன் தெரியுது, வெனிலா தெரியுது” என்று லேபிளைத் திருப்பி ஒப்பித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்துவிடுவார்கள். ஒரு பருப்புகூடச் சேர்க்காத பீப்பாய் ஸ்டௌட்டிலும் தேங்காய், வெனிலா, வறுத்த கொட்டை என எல்லாமே மணக்கும் என்பதை அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. எது மால்ட்டின் கொடை, எது மரத்தின் கொடை, எதைக் கடைசியில் கொட்டிக் கலந்தார்கள் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால்தான் இந்த விலைக்கு வாங்கியதில் அர்த்தம் உண்டு.

ஆயத்தங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வையுங்கள். அறை வெக்கையாக இருந்தால் கால் மணி போதும். 12 பாகை செல்சியஸ் அளவில் தொடங்குவது நல்லது. வயிறு அகன்று வாய் குறுகிய கோப்பை வேண்டும். பிராந்திக் கோப்பை இல்லையென்றால் ஒயின் கோப்பை. கைப்பிடி வைத்த பெரிய மக் கூடவே கூடாது. 75 மில்லிலிட்டருக்கு மேல் ஊற்றாதீர்கள். பழுப்பு நுரை எழுந்த வேகத்திலேயே அடங்கினால் பியர் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். 14 சதவீத ஆல்கஹாலும் பருப்பின் எண்ணெயும் நுரையை நிற்க விடாது. முக்கியமானது, லேபிளை நீங்கள் படிக்கக் கூடாது. வேறொருவரை ஊற்றித் தரச் சொல்லுங்கள்.

பிரித்தறிய வேண்டுமானால் மணங்கள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிய வேண்டும். வறுத்த மால்ட்டில் காபிக்கொட்டையையும் வேர்க்கடலையையும் வறுக்கும்போது உண்டாகும் அதே வகைச் சேர்மங்கள் உண்டாகின்றன; ஆகவே ‘கொட்டை மணம்’ என்பதில் ஒரு பங்கு தானியத்துக்கே உரியது. அடுத்தது மரம். அமெரிக்கச் சட்டப்படி பர்பனை உட்புறம் கருக்கிய புதிய ஓக் கலனில்தான் வைக்க வேண்டும். ஒருமுறை பர்பன் இருந்த பீப்பாய் மறுபடி பர்பனுக்கு உதவாது. ஏறத்தாழ 200 லிட்டர் கொள்ளும் அந்தப் பீப்பாய்கள் பியர் ஆலைகளுக்கு வந்து சேர்வது இப்படித்தான். சிகாகோவின் கூஸ் ஐலண்ட் ஆலை 1990களில் ‘பர்பன் கவுண்டி’ ஸ்டௌட்டைக் கொண்டுவந்து இந்த வகைக்கே வழி போட்டது. மரத்தைக் கருக்கும்போது அதன் லிக்னின் சிதைந்து வெனிலின் உண்டாகிறது; அமெரிக்க ஓக்கில் நிறைய இருக்கும் லாக்டோன் தேங்காயாக மணக்கிறது. மூன்றாவதாகத்தான் பீக்கனும் ஹேசல்நட்டும் மேப்பிள் பாகும் வருகின்றன.

இனி, எல்லாரும் தடுக்கி விழும் படி. கோப்பையை முகர்வதில் அவசரம் வேண்டாம். மூக்கை உள்ளே நுழைத்தால் ஆல்கஹாலின் நெடி சுரீரென்று ஏறி, அடுத்த சில நிமிடங்களுக்கு வேறெதுவும் தெரியாது. வாயை லேசாகத் திறந்தபடி நான்கு விரற்கடை தள்ளி முகருங்கள். முதல் மிடறைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது நாக்கைப் பழக்குவதற்கு மட்டும். இரண்டாவது மிடறுக்கு மூக்கை விரலால் இறுகப் பொத்திக்கொள்ளுங்கள். சின்ன மிடறாக எடுத்து, விழுங்காமல் நாக்கில் நிறுத்தி ஐந்து வரை எண்ணுங்கள். இனிப்பு இருக்கும், கசப்பு இருக்கும், கொஞ்சம் புளிப்பு, கன்னத்தில் ஒட்டும் பிசுக்கு, ஈறில் காரம்போல ஒரு சூடு. பீக்கனைத் தேடினால் கிடைக்காது. வெனிலாவும் காணாமல் போயிருக்கும். இப்போது விழுங்கிவிட்டு, வாயை மூடியபடி விரலை எடுத்து மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். பூட்டிய சமையலறையைத் திறந்ததுபோல மொத்தமும் ஒரே நொடியில் வந்து நிற்கும். நாக்குக்குக் கொட்டையும் தெரியாது, வெனிலாவும் தெரியாது. அவை தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறும் மணங்கள்.

இந்த ஒரு சோதனையிலேயே பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். மூக்கை மூடியபோதே தித்திப்பு தூக்கலாக இருந்தால் அது உண்மையான சர்க்கரை: ஈஸ்ட் தின்று முடிக்காத மால்ட் சர்க்கரை, அல்லது ஈஸ்டால் தின்னவே முடியாத லாக்டோஸ் எனும் பால் சர்க்கரை. மூடியபோது மட்டாக இருந்த இனிப்பு திறந்ததும் பொங்கினால், அது வெனிலாவும் ஓக்கும் மூளையிடம் சொல்லும் இனிப்பான பொய். இரண்டாவது வகைதான் நல்ல பியர் என்பேன். முதல் வகை மூன்றாவது மிடறிலேயே திகட்டும். மேப்பிள் பாகில் இருப்பது பெரும்பாலும் சுக்ரோஸ். நொதிக்கும்போது ஊற்றினால் ஈஸ்ட் அதைச் சுத்தமாகத் தின்றுவிட்டு மெலிந்த மணத்தை மட்டும் மிச்சம் வைக்கும். ஃபவுண்டர்ஸ் ஆலையின் ‘கனேடியன் பிரேக்ஃபஸ்ட் ஸ்டௌட்’ மேப்பிள் பாகு இருந்த பர்பன் பீப்பாயில் ஊறுவது இதனால்தான் புத்திசாலித்தனமான ஏற்பாடு.

மரத்தையும் கொட்டையையும் பிரிக்க ஒப்பீடுதான் குறுக்குவழி. பீப்பாயே காணாத ஒரு ஸ்டௌட்டைப் பக்கத்தில் வையுங்கள். இலங்கையின் 8.8 சதவீத லயன் ஸ்டௌட் இதற்கு வெகு பொருத்தம். அதில் தெரியும் சாக்லேட், காபி, வறுவல் எல்லாம் மால்ட்டின் கணக்கு; அதைக் கழித்தபின் மற்றக் கோப்பையில் மிஞ்சுவது பீப்பாயும் கலவையும். தேங்காய் மணந்தால் உடனே தேங்காய் போட்டிருக்கிறார்கள் என்று தீர்மானிக்காதீர்கள், ஓக்கைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பாதாம் மணத்தில் இன்னொரு சூட்சுமம் உண்டு. செர்ரிபோல, இருமல் மருந்துபோல மணந்தால் அது பென்சால்டிஹைட், அதாவது பாதாம் எசன்ஸ். நிஜமாக வறுத்த பாதாம் அப்படி மணக்காது. எசன்ஸ் முகர்ந்ததுமே முன்னால் வந்து நிற்கும், விழுங்கியதும் காணாமல் போகும். வறுத்த பருப்பு விழுங்கிய பிறகும் கசப்போடு சேர்ந்து நிற்கும். பழைய தேங்காய் எண்ணெய்போலக் காறல் அடித்தால் பருப்பின் எண்ணெய் கெட்டிருக்கிறது, கொட்டிவிடுங்கள்.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்யுங்கள். குளிர் இறங்க இறங்க மணமும் இனிப்பும் ஏறும், சூடும் கூடவே வரும். 18 பாகையிலும் திகட்டாமல் நிற்கும் பியரைச் செய்தவருக்குக் கை சுத்தம்.

குடிப்பதற்கு இத்தனை ஆராய்ச்சியா என்று கேட்கலாம். விலை குறைந்த லாகருக்கு வேண்டாம்தான். பல மாதங்கள் மரத்தில் கிடந்ததற்காகவே கூடுதல் காசு கொடுத்துவிட்டு, மரம் தெரிகிறதா என்று பார்க்காமல் விடுவது என்ன கணக்கு? கொட்டையும் பாகும் கலந்தால் அது பியரே இல்லை என்பவர்கள் பவேரியாவின் 1516ஆம் ஆண்டுப் பியர் தூய்மைச் சட்டத்தைக் காட்டுவார்கள். அந்தச் சட்டம் லண்டனைக் கட்டுப்படுத்தியதில்லை. ஸ்டௌட் லண்டன் சரக்கு, 18ஆம் நூற்றாண்டிலேயே ரஷ்ய அரசவைக்குக் கடும் வீரியத்தோடு கப்பலேறியது. ஆனால் அவர்கள் ஆட்சேபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது: மெலிந்த பியரை மறைக்க எசன்ஸைக் கொட்டுகிறவர்கள் உண்டு. அவர்களைக் கண்டுபிடிக்கவும் மேலே சொன்ன சோதனையே போதும். பீப்பாய் ஸ்டௌட்டை ஆண்டுக்கணக்கில் பூட்டிவைக்கலாம் என்பது கொட்டை கலக்காத ஸ்டௌட்டுக்குத்தான் பொருந்தும். கொட்டை மணம் வெகு சீக்கிரம் மங்கும்; ஒரு வருடத்துக்குள் திறந்துவிடுங்கள்.

ஊற்றித் தருபவர் லேபிளைப் படித்து, கூட இருப்பவர்களில் யாருக்கும் கொட்டையோ பாலோ ஒவ்வாமை இல்லை என்று உறுதிசெய்துகொள்ளட்டும். குறைந்தது மூன்று பேராவது பகிர்ந்துகொள்ளுங்கள், வண்டியை எடுக்காதீர்கள். 14 சதவீத ஸ்டௌட் 355 மில்லிலிட்டர் பாட்டில் ஒன்றில் இருக்கும் ஆல்கஹால், 5 சதவீத பியர் 330 மில்லிலிட்டர் பாட்டில்கள் மூன்றுக்குச் சமம்.