சங்கத்தின் பணம் எத்தனை மாதம் தாங்கும்?



இடம்பெயர்ந்த குடும்பங்கள் கூடி நடத்தும் சிறு சங்கங்கள் பல, வெளி உதவி நின்றதும் படுத்துவிடுகின்றன. அந்த நோய் ஒரே நாளில் வருவதில்லை. ஆண்டுக் கணக்குகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் முன்பே தெரியும்.

கண்டி வாவிப் பக்கம், சங்கராஜ மாவத்தையில் பௌத்த வெளியீட்டுச் சங்கம் இருக்கிறது. ஜெர்மனியில் பிறந்த ஞானபொனிக்க தேரரும் ஏ. எஸ். கருணாரத்ன, ரிச்சர்ட் அபயசேகர ஆகியோரும் 1958இல் இதைத் தொடங்கினார்கள். சில சிறு நூல்களோடு நிறுத்திக்கொள்வதே முதல் எண்ணம். வாசகர் ஆதரவு அவர்களை மேலே கொண்டுபோனது. 60 ஆண்டுகளுக்குப் பின்னும் வேலை நடக்கிறது. சமயம் வேறானாலும் அயலவரிடம் கற்கலாமே! அங்கத்தவர் சந்தா, நூல் விற்பனை, நன்கொடை என்று அவர்களுக்குப் பல வாய்க்கால்கள். ஒன்று வற்றினால் மற்றதில் நீர் வரும். இன்னொன்றும் உண்டு: தேரர் காலமானது 1994இல், பதிப்பாசிரியர் பொறுப்பையோ 1984இலேயே பிக்கு போதியிடம் ஒப்படைத்துவிட்டார். ஐந்தொகையில் இது எழுதப்படாது. எங்கள் எண்ணப்படி, வங்கியில் கிடக்கும் பணத்துக்கு இது குறைந்ததல்ல.

இனி நமது சங்கத்துக்கு வருவோம். உதாரணமாக, வங்கியில் 400,000 ரூபா இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாதச் செலவு 40,000. பத்து மாதம் தாங்கும் என்று பொருளாளர் மகிழ்வார். ஆனால் அதில் 280,000 ரூபா கிணறு வெட்டத் தந்த பணம். அதைத் தொட நமக்கு உரிமையில்லை. மிஞ்சுவது 120,000, மூன்றே மாதம்! கிணற்றுப் பணத்தில் சம்பளம் கொடுத்துவிட்டுப் பிறகு போடலாம் என்று நினைப்பதில்தான் பல சங்கங்கள் விழுகின்றன.

தொகை கூடினால் வளர்ச்சி என்றும் எண்ணிவிடக் கூடாது. 2022 செப்டெம்பரில் விலைவாசி முந்திய ஆண்டைவிட ஏறத்தாழ 70 வீதம் உயர்ந்திருந்தது. அந்த ஆண்டு வருமானம் 30 வீதம் கூடிய சங்கமும் உண்மையில் இளைத்தே போனது.

அடுத்த கூட்டத்தில் ஐந்து ஆண்டுக் கணக்குகளை எடுத்து, ஒவ்வோர் ஆண்டிலும் சந்தா எவ்வளவு, வெளிப்பணம் எவ்வளவு, எத்தனை மாதச் செலவு கையில் இருந்தது என்று ஒரே தாளில் எழுதுங்கள். எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்கு உரக்க வாசித்துக் காட்டுங்கள். ஓடும்போது காசேடு தொலைந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. ஆகவே அந்தத் தாளில் ஒரு பிரதியை வேறு ஊரிலுள்ள அங்கத்தவர் ஒருவரிடம் கொடுத்துவையுங்கள்.