பழைய வேட்டித் துணி போதும்: 12 போர் துப்பாக்கிப் பராமரிப்புக் குறிப்புகள்

களிமண் தட்டு சுடும் பயிற்சிக்கு கேஸில் ஓடும் செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கி வைத்திருக்கிறீர்களா? தோட்டா சிக்குகிறதே என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பல நேரம் சிக்க வைப்பது உள்ளே படிந்த கரிதான். அரை மணி நேரத்தில் வீட்டிலேயே சரிசெய்துவிடலாம்.

1. போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து மாட்டிவிட்டு, அறையும் மகசினும் காலியா என்று கண்ணாலும் பாருங்கள், விரலாலும் தடவிப் பாருங்கள். தோட்டாப் பெட்டி வேறு அறையில் பூட்டுக்குள் இருக்கட்டும்.

2. கழற்றும் பாகங்களை வைக்க, கழிவுக்குப் போட வைத்திருக்கும் பழைய இட்லித் தட்டு அருமையாக உதவும். கழற்றும் வரிசையிலேயே குழிக்கு ஒன்றாகப் போட்டு வைத்தால், மாட்டும்போது கடைசிக் குழியிலிருந்து திரும்பி வரலாம். அந்தத் தட்டு மறுபடி சமையலறைக்குப் போகக் கூடாது.

3. ஒவ்வொரு பாகத்தைக் கழற்றும்போதும் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிஸ்டனும் வளையமும் எந்தப் பக்கம் பார்த்து இருந்தன என்று பிறகு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

4. சுட்டுவிட்டு வந்த அன்றே பிஸ்டனைத் துடைத்துவிட்டால் கரி துணியோடு வந்துவிடும். நாள் கடந்து இறுகியிருந்தால், ரப்பர் வளையத்தை எடுத்துவிட்டு, சால்வென்ட்டில் கொஞ்ச நேரம் ஊறப்போட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள்.

5. குழலுக்கு அடியில் இருக்கும் சின்ன கேஸ் துளைகளைப் பல்குத்தும் மரக்குச்சியால் சுத்தம் செய்யுங்கள். இரும்பு ஊசியும் டிரில்லும் வேண்டாம். துளை பெரிதானால் துப்பாக்கி இயங்கும் வேகமே மாறிவிடும்.

6. நைந்துபோன வேட்டியைச் சின்னச் சதுரங்களாக வெட்டி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். குழலை எப்போதும் தோட்டா போடும் பக்கத்திலிருந்து வாய்ப்பக்கமாகத் துடையுங்கள். உள்ளே பிளாஸ்டிக் கோடு கோடாக ஒட்டியிருந்தால், வெண்கல பிரஷ்ஷை நாலு முறை விட்டு எடுங்கள்.

7. கையில் கிடைக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் போடாதீர்கள். குளிரில் உறைந்துவிடும். துப்பாக்கி எண்ணெயிலேயே இரண்டு சொட்டு போதும். அதிகமானால் கரியோடு குழைந்து மையாகிவிடும்.

8. குழல் வாயில் திருகும் சோக்கை அவ்வப்போது கழற்றி, மரையைத் துடைத்து, துளி கிரீஸ் தடவி மாட்டுங்கள். வருடக்கணக்கில் அப்படியே விட்டால் இறுகிப்போய் கழற்றக் கூலி கேட்கும். சோக் இல்லாமல் சுடவே கூடாது, மரை கெட்டுவிடும்.

9. குழல் கழற்றியிருக்கும்போது போல்ட்டை விடும் பொத்தானை அழுத்தாதீர்கள். போல்ட் வேகமாக வந்து மோதி துப்பாக்கியின் உடற்பகுதியைக் கெடுக்கும், விரலையும் நசுக்கும்.

10. எண்ணெய் போட்ட அன்று இரவு, பழைய துணி விரித்து, வாய் கீழே இருக்கும்படி சாய்த்துப் பூட்டிய அலமாரியில் வையுங்கள். மிச்ச எண்ணெய் பின்கட்டைக்குள் இறங்கி மரத்தை ஊறவைக்காது.

11. பஞ்சு வைத்த உறைக்குள் வைத்தே விட்டுவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தை அது குடித்துக்கொண்டு இரும்பிலேயே இறக்கும். புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலங்களைச் சேர்த்து அலமாரியில் போடுங்கள். எடுத்துப் பார்த்தவர்களின் கைரேகையைத் துடைத்த பிறகே உள்ளே வையுங்கள். வியர்வை உப்பும் துருவைக் கொண்டுவரும்.

12. வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவுங்கள். கரியில் ஈயம் இருக்கும். சாப்பாட்டு மேசையில் இந்த வேலை வேண்டவே வேண்டாம். வேலைக்காகக் கீழே விரித்த செய்தித்தாளைச் சுருட்டிக் குப்பையில் போடுங்கள், பிள்ளைகள் கை படக் கூடாது.

13. ஆயுத பூஜைக்கு ஈரச் சந்தனத்தைக் குழலில் வைக்காதீர்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை வைத்து மறந்துவிட்டோம். பொட்டு உதிர்ந்த இடத்தில் அதே அளவில் வட்டமாகத் துரு பிடித்திருந்தது. அதிலிருந்து பொட்டெல்லாம் பெட்டிக்குத்தான், துப்பாக்கிக்கு ஒரு பூ மட்டும்.